ரொக்காவெர்னாவுக்குத் தண்ணீர் வந்த பிறகு

ரொக்காவெர்னா
14 அக்டோபர் 1963

கானியோ,

"அன்புள்ள தம்பிக்கு" என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவனுக்கு என்ன அன்பு வேண்டிக்கிடக்கிறது? உன் விலாசத்தை லிபோரியோவின் மனைவியிடம் கேட்டு வாங்கினேன். அவள் புருஷனும் அந்த ஆஸ்திரேலியாவில் உன்னோடுதான் கரும்பு வெட்டுகிறானாம். அவன் மாதம் தவறாமல் எழுதுகிறான். அதைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் விலாசம் கொடுத்தாள்.

அம்மா போனது உனக்குத் தெரியும். பங்குச் சாமியார் தொன் சாவேரியோ தந்தி அடித்தார், தெரியாத மாதிரி நடிக்காதே. கடைசியில் வாயில் தண்ணீர் விட்டேன். குழாயில் பிடித்த தண்ணீர்தான். "என் மவன் கொண்டாந்த தண்ணி"ன்னு சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள். ஊர் முழுக்கக் குழாய் போட்ட மேஸ்திரி நீ, பிஷப் வந்து திறந்து வைத்த மறுநாளே சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறிவிட்டாய். ஏன் என்று இன்றைக்கும் என்னிடம்தான் கேட்கிறார்கள். நான் யாரைக் கேட்க?

சரி. சண்டை போட எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

நம் வீட்டில், அம்மா படுத்திருந்த பின்னறைச் சுவரில் விரிசல் விட்டிருக்கிறது. ஆகஸ்டில் முடி மாதிரி இருந்தது. இப்போது என் சுண்டுவிரல் போகிறது. நகரசபை சர்வேயர் லத்தோர்ரே வந்து பார்த்தார். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு பக்கமும் சாந்து பூசி, கரியால் தேதி எழுதினார். "இதுக்கு ஒற்றன்னு பேரு, பிரிஜிதாம்மா. சுவர் அசைஞ்சா இது உடைஞ்சு காட்டிக்கொடுத்துடும். உடையாத வரைக்கும் நிம்மதியா இருங்க" என்றார்.

ஒன்பதாம் நாள், கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். டிக் என்று ஒரு சத்தம். பல் உடைந்த மாதிரி. போய்ப் பார்த்தால் கண்ணாடி இரண்டு துண்டு. லத்தோர்ரேயைக் கூட்டிவந்து, "ஒற்றன் செத்துட்டானே, இப்ப என்ன அர்த்தம்?" என்று கேட்டேன். மனுஷன் தொப்பியைத் தேடினார். தொப்பி தலையில்தான் இருந்தது.

நம் கோவில் பின்தெருவில் மட்டும் பதினொரு வீட்டில் இப்போது ஒற்றன் இருக்கிறான். தரையில் முட்டையை வைத்தால் பள்ளத்தாக்குப் பக்கம் உருள்கிறது. உன் அத்தான் நூன்ஸியோ, "பழைய வீடுன்னா முட்டி வலிக்கத்தான் செய்யும்" என்கிறார். நீ மண்ணைத் தோண்டியவன். நீ என்ன சொல்கிறாய்?

பிரிஜிதா

*

இங்ஹாம், குயின்ஸ்லாந்து
27 அக்டோபர் 1963

அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் நலம்.

பின்னறையில் யாரும் படுக்க வேண்டாம். கட்டிலை முன்னறைக்குக் கொண்டுவந்துவிடு. முடிந்தால் நீயும் அத்தானும் மழைக்காலம் முடியும்வரை சமவெளியில், அத்தானின் அண்ணன் வீட்டில் இருங்கள்.

சில விஷயம் தெரிய வேண்டும். விரிசல் மேலே அகலமா, கீழே அகலமா? கோவிலுக்குப் பின்னால் தெரு வளையும் இடத்தில் கல் தளம் அமுங்கியிருக்கிறதா? கீழே பள்ளத்தாக்கில், அத்தி மரங்கள் பக்கம், முன்பு இல்லாத ஈரமோ ஊற்றோ எங்காவது வந்திருக்கிறதா?

அம்மாவைப் பற்றி நீ எழுதியதை ஒரு தடவைக்கு மேல் படிக்க முடியவில்லை.

கானியோ

*

ரொக்காவெர்னா
8 நவம்பர் 1963

கானியோ,

மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒரு கடிதம். அதிலும் கட்டிலை இங்கே போடு, அங்கே போடு என்று உத்தரவு. கோபத்தில் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் கடைசிக் கேள்வியைப் படித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஊற்று வந்திருப்பது உனக்கு எப்படித் தெரியும்?

நான் அதைப் பற்றி எழுதவே இல்லை. லிபோரியோ மனைவியிடம் கேட்டேன், அவளும் எழுதவில்லையாம். போன ஈஸ்டருக்குப் பிறகு வந்தது. நீ சொன்ன அதே அத்தி மரங்களுக்கு அடியில், களிமண் சரிவிலிருந்து, விரல் தடிமனுக்குத் தண்ணீர். நம் பள்ளத்தாக்கில் எந்தக் காலத்தில் ஊற்று இருந்தது? எண்ணூறு வருஷமாக ஒரு மணி நேரம் நடந்து ஆற்றில் மொண்டு தலையில் சுமந்த ஊர் இது.

முதலில் குடித்தது எதிர்வீட்டு சபேத்தா. அவளுக்குத் தொண்டையில் கட்டி இருந்ததே, அது ஒரே வாரத்தில் அமுங்கிவிட்டது. நம் கோவிலின் புனித பியாஜோ தொண்டைக்குக் காவலர் இல்லையா, கேட்கவா வேண்டும்! கோவில் கட்டிய இடத்துக்கு நேர் கீழே அவரே ஊற்றைத் திறந்துவிட்டார் என்று பேச்சு. இப்போது மூன்று ஊரிலிருந்து புட்டியோடு வருகிறார்கள். மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள். சபேத்தா அங்கேயே உட்கார்ந்து வரிசை சரிபார்க்கிறாள். "செருப்பைக் கழட்டிட்டு வா, அது என்ன உங்கப்பன் வீட்டுக் குட்டையா?" என்று என்னையே அதட்டினாள்.

நானும் குடித்தேன். உண்மையைச் சொல்லட்டுமா? குழாய்த் தண்ணீர் வாடைதான் அடித்தது. ஊர்க் குழாய்க்காரர் உன் அத்தான் தொட்டியில் கலக்குகிறாரே, அந்த மருந்து வாடை. சொன்னால் அடிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

விரிசல் மேலே அகலம். தெரு வளைவில் தளம் அமுங்கித்தான் இருக்கிறது. மழைநீர் அங்கே தேங்காமல் எங்கோ போய்விடுகிறது. நேற்று யாரும் கயிற்றைத் தொடாமல் கோவில் மணி ஒரு தடவை அடித்தது. பட்டப்பகலில். தொன் சாவேரியோ காற்று என்றார். ஓர் இலைகூட அசையவில்லை, கானியோ.

எப்படித் தெரியும்? அதை மட்டும் சொல்.

பிரிஜிதா

*

இங்ஹாம்
18 நவம்பர் 1963

அக்கா,

டிசம்பர் தொடங்குமுன் அத்தான் கோட்டைமேட்டுத் தொட்டியைக் கழுவ இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துவார். நான் இருந்தபோதே போட்ட விதி அது. அந்த இரண்டு நாளும் நீ கீழே போய் ஊற்றைப் பார். அது வழக்கம்போல ஓடினால் எனக்கு எழுத வேண்டாம். நான் என் பயத்தோடு இருந்துகொள்கிறேன்.

ஓடாவிட்டால் உடனே எழுது.

இங்கே மழைக்காலம் ஆரம்பித்துவிட்டது. தகரக் கூரை. சத்தத்தில் லிபோரியோ பேசுவதுகூடக் கேட்பதில்லை. எனக்கு வேறு எதுவோ கேட்கிறது.

தயவுசெய்து அந்த வீட்டை விட்டுப் போ.

கானியோ

*

ரொக்காவெர்னா
30 நவம்பர் 1963

தம்பி,

நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் உன் அத்தான் மேலே வால்வை மூடினார். மத்தியானம் நான் கீழே போனேன். நூலாக வந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்குச் சொட்டு. நான்கு மணிக்கு ஒன்றும் இல்லை. களிமண் பளபளத்துக்கொண்டு கிடந்தது. பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். "யாரோ தீட்டுப்படுத்திட்டாங்க, புனிதர் கோவிச்சுக்கிட்டாரு" என்று சபேத்தா கத்தினாள். முழங்காலில் நடந்தே மேலே கோவில்வரை போனாள், கல்லெல்லாம் ரத்தம். வியாழக்கிழமை தண்ணீர் திறந்ததும் சாயங்காலத்துக்குள் ஊற்று மறுபடி வந்துவிட்டது. மணியடித்து நன்றிப் பாட்டுப் பாடினார்கள். நானும் நின்று பாடினேன். 

ஊரில் யாருக்கும் இது புரியவில்லை. எனக்கு மட்டும் புரிந்துவிட்டது. அது புனிதர் விடும் தண்ணீர் இல்லை. நம் காலுக்கடியில் உடைந்து ஓடும் தண்ணீர்.

ஆனால் அது மட்டும் போதாது. பூமியின் அந்தப் பக்கம் இருந்துகொண்டு உனக்கு எப்படித் தெரிந்தது? நீ போட்ட குழாயில் எந்த இடம் உடையும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓடினாய்.

மூன்றாவது ஒற்றனும் உடைந்தான். முன்கதவு மூடவில்லை, உன் அத்தான் அடியில் ஒரு விரற்கடை செதுக்கினார். ஒரு வாரத்தில் மறுபடி இடிக்கிறது.

என்ன செய்தாய்? எழுது.

பிரிஜிதா

*

இங்ஹாம்
9 டிசம்பர் 1963

அக்கா,

எழுதுகிறேன். இதைத் தனியாகப் படி.

பின்தெருவில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அம்மா நம்மை அடிப்பாளே, நினைவிருக்கிறதா? கை கழுவின தண்ணீரைக்கூடச் சாக்கடைத் தொட்டியில்தான் கொட்ட வேண்டும், கோவிலுக்குப் பின்னால் மண்ணில் ஒரு சொட்டு விழுந்தால் பாவம். ஊரில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஏன் என்று ஒருத்திக்கும் தெரியாது. நாங்கள் அங்கே குழாய்ப் பள்ளம் தோண்டியபோது கிழவிகள் முணுமுணுத்தார்கள். நான் சிரித்தேன்.

திறப்புவிழாவுக்கு நான்கு நாள் இருந்தது. தெரு வளையும் இடத்தில் என் கடப்பாரை கையை விட்டு நழுவி உள்ளே போய்விட்டது. விழுந்த சத்தம் வர நேரமாயிற்று. விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினேன். பெரிய கூடம், அக்கா. மனிதர் வெட்டியது. சுவரோரம் தானியக் குதிர்கள். கடல் கொள்ளைக்காரர் வந்த காலத்தில் ஊரே ஒளிந்த இடமாக இருக்கும். ஒன்பது மீட்டர் கயிறு விட்டும் விளக்கு தரையைத் தொடவில்லை.

கான்ட்ராக்டரிடம் ஓடினேன். "வேலையை நிறுத்தணும். கீழேயிருந்து கல் கட்டடம் எழுப்பாம குழாய் போட முடியாது"ன்னேன். அவர் மேலே பார்த்து, கீழே பார்த்து, "பிஷப் ஞாயித்துக்கிழமை வர்றாரு. அவரு குழாயைத் திருகும்போது தண்ணி வரணும். குகை உனக்கும் எனக்கும் தெரிஞ்சா போதும். மேல உத்தரம் போட்டு மூடு" என்றார்.

மூடினேன். மரத் தடிகளைக் குறுக்கே அடுக்கி, குழாயை அதன்மேல் போட்டு, மண் தள்ளி, கல் பாவினேன். அந்த இடத்தில் மூன்று இணைப்பு இருக்கிறது. கீழே வெற்றிடம். மரம் இரண்டு மூன்று வருஷத்தில் மக்கி இணைப்பு வாய்விடும் என்று எனக்குத் தெரியும். கூட இருந்த இரண்டு பேரும் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள். வேலை சரி என்று கையெழுத்துப் போட்டது நான்.

ஞாயிற்றுக்கிழமை பிஷப் குழாயைத் திறந்தார். தண்ணீர் பாய்ந்தது. பெண்கள் பழைய குடங்களைச் சதுக்கத்தில் போட்டு உடைத்தார்கள். அம்மா என் தலையைப் பிடித்து எல்லோர் முன்னாலும் முத்தமிட்டாள். அதற்கு மேல் என்னால் அங்கே இருக்க முடியவில்லை.

வால்வை மூடச் சொல், அக்கா. இன்றைக்கே. அத்தானிடம் என்ன வேண்டுமானாலும் சொல்.

கானியோ

*

ரொக்காவெர்னா
20 டிசம்பர் 1963

கானியோ,

உன் கடிதத்தைக் கோழிக்கூட்டுக்குள் உட்கார்ந்து படித்தேன். 

உன்னைத் திட்டுவதற்கு வார்த்தை தேடினேன், ஊரில் இருக்கும் எல்லாக் கெட்ட வார்த்தையும் எனக்குத் தெரியும், ஒன்றும் போதவில்லை. மூன்று வருஷம் நாங்கள் அந்த உத்தரத்தின்மேல் நடந்திருக்கிறோம். அம்மாவின் சவப்பெட்டி அந்த வளைவில்தான் போயிற்று, எட்டு ஆள் தூக்கி.

உன் அத்தானிடம் சொன்னேன். முகம் சுண்ணாம்பாகிவிட்டது. "நான் மூட மாட்டேன்" என்றார்.

"ஏன்?"

"மூடினா ஏன்னு கேப்பாங்க. சொன்னா யாரு நம்புவா? உன் தம்பி ஓடிட்டான். குழாய்க்காரன் நான்தானே இங்க நிக்கிறேன்? இத்தனை மாசமா ஒழுகினது தெரியாம என்னடா பண்ணேன்னு என்னையத்தான் பிடிப்பாங்க. அதுவுமில்லாம பியாஜோ ஊற்று வத்திப்போனா சபேத்தாவே என்னை அறுத்துருவா."

"வீடு விழுந்தா?"

"ஆயிரத்து எண்ணூத்தி அம்பத்தேழு நிலநடுக்கத்துலயே விழாத வீடு."

அப்படிச் சொல்லிவிட்டு அவரே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார். அவருக்கும் பயம்தான். பயந்த ஆண்பிள்ளை கல்லைவிடக் கெட்டி, அசைக்க முடியாது.

பிறகு தொன் சாவேரியோவிடம் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. பின்தெருவில் ஏன் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று மட்டும் கேட்டேன். அவர் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துவந்து, ஒரு பக்கத்தின் ஓரத்தில் லத்தீனில் எழுதியிருந்ததைப் படித்துச் சொன்னார்: 1688, பெரிய மழை, முப்பத்தொரு பேர் வீட்டோடு மண்ணுக்குள் போனார்கள், இனி கோவிலுக்குப் பின்னால் பூமிக்குத் தண்ணீர் காட்டாதிருங்கள். "காட்டாதிருங்கள்" என்று எழுதியிருக்கிறது, தம்பி. ஓநாய்க்கு ரத்தம் காட்டாதே என்பதுபோல. காரணம் மறந்துபோய் அடி மட்டும் நம் முதுகுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நான் சொன்னால் பைத்தியம் என்பார்கள். நீ எழுது. மேயருக்கு, உன் பெயரோடு, உன் கையெழுத்தோடு. எந்த இடம், எத்தனை ஆழம், யார் சொன்னது, யார் மூடியது. நேற்று முதல் மழை பிடித்திருக்கிறது.

பிரிஜிதா

*

இங்ஹாம்
31 டிசம்பர் 1963

அக்கா,

மேயருக்கு இன்று எழுதிவிட்டேன். அந்த இடத்தின் வரைபடமும் போட்டிருக்கிறேன். ஒரு நகல் உனக்கு, ஒன்று தொன் சாவேரியோவுக்கு. லிபோரியோ, "ஜெயிலுக்குக் கூப்பிடுறதுக்கு நீயே விலாசம் எழுதிக் குடுக்கிறியே" என்றான். மூன்று தடவை தபால்பெட்டிவரை போய்த் திரும்பினேன். உன்னிடம் பொய் சொல்லப் போவதில்லை. நான்காம் தடவை போட்டேன்.

பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாளை எப்படிக் கடப்பது என்று தெரியவில்லை. பின்தெருக்காரர்களை எப்படியாவது வெளியே கொண்டுவா. தீ என்று கத்து. எலி விஷம் என்று சொல். எதையாவது.

கானியோ

*

ரொக்காவெர்னா
12 ஜனவரி 1964

தம்பி,

உன் கடிதம் வரும்வரை என்னால் காத்திருக்க முடியவில்லை.

ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள். ஊரே பூசைக்குப் போயிற்று. உன் அத்தான் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டதால், சாவிக்கொத்து தொங்கும் வேலைநாள் பெல்ட் ஆணியில் இருந்தது. வயிற்றுவலி என்று நான் தங்கிவிட்டேன். சாவியை எடுத்துக்கொண்டு மழையில் கோட்டைமேட்டுக்கு ஏறினேன். வால்வுச் சக்கரம் அசையவில்லை. காலைச் சுவரில் உதைத்துத் திருகினேன். நாற்பது சுற்று இருக்கும், உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. குழாய்க்குள் தண்ணீர் ஒரு மனிதன் மூச்சு வாங்குவதுபோல இழுத்து நின்றது. உடனே திறந்துவிடுவார்கள் என்று தெரியும். அதனால் சக்கரத்தையே கழற்றிப் பள்ளத்தாக்கில் எறிந்தேன். பாறையில் இடித்து இடித்துப் போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பூசை முடிந்து வந்து குழாயைத் திருகினால் தண்ணீர் இல்லை. சாயங்காலம் ஊற்றும் இல்லை. உன் அத்தானைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வெறும் பெல்ட்டைக் காட்டி அழுதார். நானே சதுக்கத்துக்குப் போய், "நான்தான் மூடினேன்" என்றேன்.

நான்கு நாள், கானியோ. அந்த நான்கு நாள் எதிரிக்கும் வரக் கூடாது. ஜன்னலில் ஒரு கண்ணாடிகூட மிஞ்சவில்லை. காறித் துப்பினார்கள். சபேத்தா தெருவில் முட்டிபோட்டு உட்கார்ந்து, "என் தொண்டையில மறுபடி வருதுடி! புனிதர் கண்ணைக் குத்திட்டியேடி பாவி! உன் வம்சம் தண்ணிக்குத் தவிச்சுச் சாகட்டும்!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். காவலர்கள் என்னை அவர்கள் நிலையத்தில் உட்கார வைத்தார்கள். கைது என்றார்கள். எனக்கென்னவோ அது காவல் மாதிரிதான் இருந்தது. உன் அத்தான் சாப்பாடு கொண்டுவந்தார். ரொட்டிக்கு நடுவில் வறுத்த மிளகாய் வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் முதல் தடவையாக அழுதேன்.

எனக்கு அவர்களைக் கண்டு பயம் இல்லை. ஒருவேளை நானும் நீயும் தப்பாகச் சொல்கிறோமோ, தளத்தைத் தோண்டினால் வெறும் மண் இருக்குமோ என்றுதான் பயம். அது வெறும் மண்ணாக இருக்கட்டும் என்றும் வேண்டினேன். இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டினேன்.

பத்தாம் தேதி தபால் வந்தது. மேயர் உன் கடிதத்தை நின்றபடி படிக்கத் தொடங்கி உட்கார்ந்து முடித்தாராம். லத்தோர்ரே ஆட்களோடு வந்து வளைவில் கல்லைப் பெயர்த்தார். என்னையும் கூட்டிப்போனார்கள். உத்தரங்கள் ஊறின ரொட்டி மாதிரி கையோடு வந்தன. குழாய் தொட்டில்போலத் தொங்கியது. லத்தோர்ரே விளக்கை இறக்கினார். நீ ஒன்பது மீட்டர் விட்டும் தரை தட்டவில்லை என்றாயே. இப்போது இரண்டு மீட்டரில் வெளிச்சம் திரும்பி வந்தது. கூடம் முழுக்கத் தண்ணீர். கறுப்பாக, அசையாமல், நம் தெருவின் அகலத்துக்கு.

கடைசியில் சபேத்தாதான், "இதையா நாங்க குடிச்சோம்?" என்றாள். தொண்டையைப் பிடித்துக்கொண்டு.

தண்ணீரை இறைக்கக் கூடாதாம். சட்டென்று காலியானால் மேலே இருக்கும் தெருவையே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்கிறார் லத்தோர்ரே. விட்டுவைத்தாலும் ஆபத்தாம். "அப்ப என்ன செய்யணும்?" என்று மேயர் கேட்டார். "மழை நிக்கணும்"னார் லத்தோர்ரே. நிற்கவில்லை.

பிரிஜிதா

*

இங்ஹாம்
22 ஜனவரி 1964

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. 

நான் வருகிறேன். சிட்னியிலிருந்து பிப்ரவரி மூன்றாம் தேதி கப்பல். மார்ச் முதல் வாரம் நேப்பிள்ஸ். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. வர வேண்டாம் என்று நீ எழுதினாலும் நான் புறப்படுமுன் அது என்னை எட்டாது. அதை நினைத்துத்தான் இந்தக் கப்பலைப் பிடிக்கிறேன் போலிருக்கிறது.

என்ன ஆனாலும் ஒரு வரி எழுது. போர்ட் சயீத்தில் கப்பல் நிற்கும். அங்கே ஏஜெண்டு அலுவலகத்தில் வாங்கிக்கொள்வேன். யார் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று எழுது. ஒன்றும் மறைக்காதே.

கானியோ

*

கீழ் ஸ்டேஷன் முகாம், கொட்டகை 14
16 பிப்ரவரி 1964

தம்பி,

விலாசத்தைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும்.

பின்தெருவை ஜனவரி இருபதாம் தேதியே காலி செய்ய வைத்தார்கள். மேயர் உத்தரவு போட்டார், ஆனால் வீடுவீடாகப் போய்க் கட்டிலைத் தூக்கியது உன் அத்தான். "நான் குழாய்க்காரன், எனக்குத் தெரியும், எந்திரிங்க" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. வர மாட்டேன் என்ற கிழவர்களை நாற்காலியோடு சுமந்தார். எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் அடைத்தார்கள். பிப்ரவரி மூன்று பியாஜோ திருநாள். புனிதர் சிலையை ஊர்வலத்துக்கு வெளியே எடுக்கவில்லை, முதல் தடவையாக.

ஐந்தாம் தேதி காலை பத்து மணி. மழை நின்று நல்ல வெயில். நான் பள்ளிக்கூட முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். முதலில் நாய்கள் எல்லாம் ஒரே சமயத்தில் குரைப்பதை நிறுத்தின. பிறகு கோவில் மணி அடித்தது, இந்தத் தடவை விடாமல். திரும்பிப் பார்த்தேன். பின்தெரு நின்றபடியே கீழே இறங்கியது, கானியோ. ஒரு கிழவி படியிறங்குவதுபோல, மெதுவாக. வீடுகள் நிமிர்ந்துதான் இருந்தன. நம் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் எல்லாம் மடிந்தது. பிறகு தூசி. நாற்பத்திரண்டு வீடு, கோவிலின் பீடப்பக்கம் முழுதும்.

ஒன்றும் மறைக்காதே என்றாய். ஒருத்தி போய்விட்டாள். சபேத்தா. மகள் கல்யாணத்துக்கு எட்டு வருஷமாகத் தைத்த கட்டில் விரிப்பை வீட்டிலேயே விட்டுவிட்டாளாம். வெயில் வந்ததும், "ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்"னு காவலரைக் கெஞ்சி உள்ளே போயிருக்கிறாள். இன்னும் எடுக்க முடியவில்லை. அவள் மகள் என் பக்கத்துக் கொட்டகையில் இருக்கிறாள். தினம் காலையில் ஒரு தடவை என்னைப் பார்க்கிறாள். அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடித்து வந்துவிடுகிறேன்.

மிச்சமிருக்கும் ஊரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எண்ணூறு வருஷம் குடம் சுமந்து நின்ற ஊர், மூன்றே வருஷம் குழாயில் குடித்தது. சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். உன்னைத்தான் முதலில் சபிக்கிறார்கள். கான்ட்ராக்டரைப் பிறகு. என்னை, ஆளைப் பொறுத்து. ஒரு கிழவர் நேற்று என் கையை, தோல் உரிந்த அந்தக் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். அடுத்த கொட்டகைக்காரன் அதே கைக்கு முன்னால் துப்பினான்.

முந்தாநாள் விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். மேசை போட்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள்.  குழாய் வேலைக்கு மேஸ்திரி யார் என்று கேட்டார்கள். உன் பெயரைச் சொன்னேன். எழுதுகிறவருக்குச் சரியாக விழவில்லை, மறுபடி கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். குகையை மூடியது அவர்தானா? ஆமாம். ஊருக்கு அதைத் தெரிவித்தது யார்? அவர்தான் என்றேன். இரண்டையும் எழுதிக்கொண்டார்.

நீ இங்கே வந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. ஸ்டேஷனில் காவலர்கள் நிற்பார்கள் என்கிறார் தொன் சாவேரியோ. ஆட்களும் நிற்கலாம். எனக்கு மண்மேல் இருந்த பயம் போய் இப்போது இந்தப் பயம். தினம் நாளை எண்ணிக்கொண்டு இருக்கிறேன். நீ வர வேண்டாம் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். அதை எழுத முடியவில்லை. வா. நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நானும் உன் அத்தானும் நிற்கிறோம். அங்கிருந்து சேர்ந்தே வருவோம்.

அந்த விசாரணையில் கடைசியாக ஒன்று கேட்டார்கள். மேஸ்திரி கானியோ உனக்கு என்ன உறவு? அறைக்கு வெளியே வரிசையில் பாதி ஊர் நின்றது, கதவு திறந்திருந்தது. மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

"என் தம்பி" என்றேன். "அதையும் எழுதிக்கோங்க."

உன் அக்கா
பிரிஜிதா